கிராமத்துச் சாலை விபத்தில் உயிரிழப்பு: ஊர்ச் சமரசமா, ஐந்து லட்சமா, எம்.சி.ஓ.பி. வழக்கா?

பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் துக்க வீட்டுக்கு மூன்று பேர் வந்துவிடுகிறார்கள். வண்டிக்காரர் சார்பில் ஊர்ப் பெரியவர்: "ஆனது ஆகிப்போச்சு, ஒரு தொகையை வாங்கிக்கிட்டுப் பேசி முடிச்சுக்கலாம்." சவக்கிடங்கு வாசலில் அறிமுகமான புரோக்கர்: "நல்ல வக்கீல் இருக்கார், கையெழுத்து மட்டும் போடுங்க." பக்கத்துத் தெருக்காரர்: "கோர்ட்டே வேண்டாம், அஞ்சு லட்சம் தானா வருதாமே." புரோக்கர் சொல்வதுதான் எம்.சி.ஓ.பி., அதாவது மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் போடும் இழப்பீட்டு மனு. மூன்று பேர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் ஒரு வழியில் கையெழுத்துப் போட்டால் இன்னொரு வழி மூடிவிடும் என்பதை மூவருமே சொல்வதில்லை.

காரியம் முடியும்வரை பணம் தொடர்பான எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். அந்த நாட்களில் கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: போலீஸ் ஆவணங்கள்.

## எதை வைத்து முடிவு செய்வது

கேட்க வேண்டிய கேள்விகள் இவை. மோதிய வண்டி எது என்று தெரியுமா? விபத்து நாளன்று அதற்கு இன்ஷூரன்ஸ் இருந்ததா? தவறு யாருடையது? இறந்தவரின் வயது, வருமானம் என்ன, அவரை நம்பி எத்தனை பேர்? குடும்பத்துக்குப் பணம் எவ்வளவு அவசரம்? தேர்ந்தெடுக்கும் வழி மற்ற வழிகளை மூடுமா?

இன்ஷூரன்ஸ் இருக்கிறதா என்பதைப் பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டு இரண்டு நிமிடத்தில் பார்க்கலாம். பாலிசி எதுவரை செல்லும் என்ற தேதி அதில் வரும். அதை அன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

## எல்லா வழிக்கும் முன்னால்: எஃப்.ஐ.ஆரில் ஒரு வரி

பெரும்பாலான வழக்குகளின் தலைவிதி காவல் நிலையத்தில், முதல் இரவிலேயே எழுதப்பட்டுவிடுகிறது. புகார் கொடுப்பவர் பெரும்பாலும் விபத்தை நேரில் பார்க்காத தம்பியோ மச்சானோதான். எழுதியதைப் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிடுகிறார். "டிராக்டர் ஓட்டுநர் வண்டியை அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து மோதியதில்" என்று இருக்க வேண்டிய இடத்தில், "மோட்டார் சைக்கிளில் சென்றவர் நிலைதடுமாறித் தானாகவே விழுந்து" என்று இருந்தால் இழப்பீட்டு வழக்கின் அஸ்திவாரமே போய்விடும். "அடையாளம் தெரியாத வாகனம்" என்று இருந்தால் சில பத்து லட்சங்களுக்குப் போகக்கூடிய வழக்கு இரண்டு லட்சத்தில் நின்றுவிடும்.

ஆகவே எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். வண்டி எண், நேரம், எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குச் செல்லும் சாலை, எந்தத் திசையில் வந்தார்கள், நேரில் பார்த்தவர் பெயர் ஆகியவை இருக்க வேண்டும். புகார் கொடுத்தவருக்கு நகல் இலவசம். தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலும் பதிவிறக்கலாம். தவறாக எழுதியிருந்தால் அன்றே காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் மனு அனுப்புங்கள். மூன்று மாதம் கழித்துச் சொல்லும் திருத்தத்தை இன்ஷூரன்ஸ் வக்கீல் குறுக்கு விசாரணையில் "பின்யோசனை" என்பார்.

விபத்து நடந்த இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதும் பார்வை மகஜரும், வரையும் மாதிரி வரைபடமும் அதே அளவு முக்கியம். சாலையின் அகலம், தார் விளிம்பிலிருந்து வண்டி நின்ற தூரம், பிரேக் தேய்ந்த தடம், தெருவிளக்கு இருந்ததா என்பதெல்லாம் அதில்தான் வரும். இரவில் பிரதிபலிப்பான் பட்டை இல்லாமல் சாலையோரம் நிறுத்திய டிரெய்லர், தார்ச் சாலையில் பாதியை அடைத்துக் காயவைத்த சோளம் ஆகியவை விடிந்தால் இருக்காது. செல்போனில் நான்கு பக்கமும் படம் எடுத்து வைத்தவர்களின் வழக்கு தனியாகத் தெரியும்.

பிரேதப் பரிசோதனை வேண்டாம் என்று உடலை வாங்கிவிடாதீர்கள். விபத்தால்தான் இறந்தார் என்பதற்கு அந்த அறிக்கையை விட வலுவான சான்று கிடையாது. காயத்தோடு பல நாள் சிகிச்சையில் இருந்து இறந்தவர்களுக்கு இது இன்னும் அவசியம்.

## ஊரில் பேசி முடிப்பது

உடனே பணம் வரும், அலைச்சல் இல்லை, ஊரில் பகை வளராது. வண்டிக்காரரும் அதே ஊர், அதே கோயில் என்றால் இந்த மூன்றாவது காரணத்தை யாரும் லேசாகச் சொல்லிவிட முடியாது.

மறைந்திருக்கும் விலை வேறு. ஒன்றரை, இரண்டு லட்சத்துக்குப் பதிலாக மூன்று விஷயம் கேட்பார்கள்: எஃப்.ஐ.ஆரை மென்மையாக எழுதுவது, லைசென்ஸ் இல்லாத ஓட்டுநருக்குப் பதில் லைசென்ஸ் உள்ள ஒருவரைக் காட்டுவது, "இனி எந்த வழக்கும் தொடர மாட்டோம்" என்று பத்திரத்தில் எழுதிக் கொடுப்பது. ஆள் மாற்றுவது குற்றம். விசாரணையில் வெளிப்பட்டால் உங்கள் இழப்பீட்டு மனுவும் சேர்ந்து விழும். பத்திரத்தை இன்ஷூரன்ஸ் நிறுவனம் நீதிமன்றத்தில் உங்களுக்கு எதிராகவே நீட்டும். இன்னொன்று: அஜாக்கிரதையால் மரணம் விளைவிப்பது, அதாவது பாரதிய நியாய சன்ஹிதா 106(1), தரப்பினர் சமரசம் செய்துகொள்ளக்கூடிய குற்றங்களின் பட்டியலில் இல்லை. "கேஸை வாபஸ் வாங்கித் தருகிறோம்" என்று உங்களாலும் உறுதி தர முடியாது.

வண்டிக்கு இன்ஷூரன்ஸ் இருந்தால் இழப்பீட்டைப் பொதுவாக நிறுவனம்தான் கட்டப் போகிறது, வண்டிக்காரர் அல்ல. இதை எடுத்துச் சொன்னால் பல ஊர்களில் பகையே தணிந்துவிடுகிறது. காரியச் செலவுக்கு அவராக உதவ முன்வந்தால் நிபந்தனை இல்லாமல் வாங்கலாம். ரசீதில் "ஈமச்சடங்குச் செலவுக்கு உதவி" என்று மட்டும் இருக்கட்டும்.

சமரசம் நியாயமாகும் இடம் ஒன்று உண்டு: வண்டிக்கு இன்ஷூரன்ஸ் இல்லை, உரிமையாளருக்கும் பெரிய சொத்து இல்லை. அப்போதும் பத்திரத்தில் முடிக்காமல் மக்கள் நீதிமன்றத்தில் (லோக் அதாலத்) பதிவு செய்யுங்கள். தவணை தவறினால் நீதிமன்றத் தீர்ப்பைப் போலவே அதை நிறைவேற்றி வசூலிக்கலாம். மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் (வண்டியால் பிறருக்கு நேரும் இழப்புக்கானது) இல்லாத வண்டியை உரிமையாளர் போதிய ஈடு காட்டாமல் விடுவிக்கக் கூடாது. மூன்று மாதத்துக்குள் ஈடு தராவிட்டால் ஏலம் விட்டுத் தொகையைத் தீர்ப்பாயத்தில் கட்ட வேண்டும். வண்டியை விடுவிக்கக் கேட்டு அவர் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்குப் போகும் நாளில் உங்கள் வக்கீல் அங்கே நின்று ஆட்சேபிக்க வேண்டும். வண்டி வெளியே போய்விட்டால் பிடி போய்விட்டது.

## பிரிவு 164: யார் தவறு என்று கேட்காத ஐந்து லட்சம்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் வந்து, 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருப்பது. மரணத்துக்கு ரூ.5 லட்சம்; ஓட்டுநர் தவறு என்று நிரூபிக்கத் தேவையில்லை. கொடுக்க வேண்டியது வண்டி உரிமையாளர் அல்லது அதன் இன்ஷூரன்ஸ் நிறுவனம். தெருவில் பேசுவதுபோல அரசாங்க நிதி அல்ல.

இதில் உள்ள கண்ணி: இந்தத் தொகையை முறைப்படி ஏற்றுக்கொண்டால் தீர்ப்பாயத்தில் உள்ள உங்கள் மனு காலாவதியாகிவிடும். மீதியைப் பிறகு வழக்குப் போட்டு வாங்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முன்பு வழக்கு நடக்கும்போதே இடைக்காலமாக ரூ.50,000 வாங்கும் பிரிவு 140 இருந்தது. அது இப்போது இல்லை. அந்த ஞாபகத்தில்தான் பலர் இந்த ஐந்து லட்சத்தையும் முன்பணம் என்று நினைத்து ஏமாறுகிறார்கள்.

இறந்தவர்தான் எதிர்த்திசையில் போய் மோதினார் என்பது தெளிவாக இருந்தால் இதுவே நல்ல வழி. இறந்தவர் முதியவர் என்றாலும் இதை யோசிக்கலாம். ஏன் என்பது கீழே வரும் கணக்கில் தெரியும். ஒன்று மட்டும்: மோதியது இன்னொரு வண்டியாக இருக்க வேண்டும். சொந்த வண்டியிலோ இரவல் வண்டியிலோ புளியமரத்தில் மோதி இறந்தால் அந்த வண்டியின் மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் ஓட்டியவருக்குப் பொருந்தாது. உரிமையாளரே ஓட்டி, செல்லுபடியாகும் லைசென்ஸும் இருந்தால், பாலிசியில் உரிமையாளர்-ஓட்டுநர் தனிநபர் விபத்துக் காப்பீடு ரூ.15 லட்சம் இருக்கிறதா என்று பாருங்கள்.

## பிரிவு 166: தீர்ப்பாயத்தில் முழு இழப்பீடு

எம்.சி.ஓ.பி. என்று நீதிமன்ற வளாகத்தில் சொல்வது இதைத்தான். விபத்து நடந்த இடத்தில்தான் போட வேண்டும் என்றில்லை. நீங்கள் குடியிருக்கும் எல்லைக்குள் உள்ள தீர்ப்பாயத்திலும் போடலாம். திருப்பூரில் வேலை பார்த்தவர் அங்கே இறந்தால் ராமநாதபுரத்தில் இருக்கும் மனைவி அங்கே அலைய வேண்டியதில்லை.

தொகை நீதிபதியின் மனதுக்கு வந்தபடி வருவதில்லை. உச்ச நீதிமன்றத்தின் சர்ளா வர்மா (2009), பிரணய் சேத்தி (2017) தீர்ப்புகள் கணக்கை வகுத்துத் தந்திருக்கின்றன. வீட்டிலேயே போட்டுப் பார்க்கலாம்.

38 வயதுக் கொத்தனார், மாதம் ரூ.12,000 என்று வைப்போம். மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய் என நான்கு பேர் சார்ந்திருக்கிறார்கள். 40 வயதுக்குக் கீழே, நிரந்தர வேலை இல்லாதவர் என்பதால் எதிர்கால உயர்வு 40 சதவீதம்: ரூ.16,800. அவர் தனக்காகச் செலவழித்திருக்கக்கூடிய கால் பங்கைக் கழித்தால் ரூ.12,600. ஆண்டுக்கு ரூ.1,51,200. இதை வயதுக்கேற்ற ஒரு எண்ணால் பெருக்க வேண்டும்; 36 முதல் 40 வயதுக்கு அந்தப் பெருக்கு எண் 15, ஆக ரூ.22,68,000. துணையை, தந்தையை, மகனை இழந்ததற்கு நால்வருக்கும் தலா ரூ.48,400, ஈமச்சடங்குக்கும் சொத்திழப்புக்கும் தலா ரூ.18,150. மொத்தம் ரூ.24,97,900. மனு போட்ட நாளிலிருந்து வட்டியும் உண்டு, 7.5 சதவீதம் போடுவது தமிழ்நாட்டில் வழக்கம்.

இப்போது 68 வயது முதியவர், மாதம் ரூ.8,000, மனைவியும் திருமணமாகாத மகளும். 60-க்கு மேல் எதிர்கால உயர்வு இல்லை. மூன்றில் ஒரு பங்கு கழிவு. பெருக்கு எண் 5. ரூ.3,20,000 வருகிறது. மற்றவற்றைச் சேர்த்தால் ரூ.4,53,100. ஐந்து லட்சத்துக்குக் கீழே! வருமானத்துக்குப் பலமான சான்று இல்லாத இப்படிப்பட்ட குடும்பத்தை ஆண்டுக்கணக்கில் கோர்ட்டுக்கு இழுப்பது அநியாயம்.

முழு இழப்பீட்டைக் குறைப்பவை எவை? ஹெல்மெட் இல்லாதது, மூன்று பேர் ஒரே பைக்கில் போனது, இறந்தவர் மீதும் ஓரளவு தவறு. இதில் 10, 20 சதவீதம் என்று கழிப்பார்கள். வருமானச் சான்று இல்லாதது அடுத்தது. கூலிக்காரருக்குச் சம்பளச் சீட்டு கிடையாதுதான். ஆனால் நல வாரிய அட்டை, வங்கிக் கணக்கில் வரவு, கூட்டுறவு பால் சங்கத்தில் பால் ஊற்றிய பதிவேடு, உழவர் சந்தை அட்டை, மேஸ்திரியின் நேரடிச் சாட்சியம் எதுவும் உதவும். இல்லத்தரசி இறந்தால் வருமானம் சுழியம் என்று யாரும் சொல்ல விடாதீர்கள். வீட்டு வேலைக்கு உத்தேச வருமானம் கணக்கிட்டு, அதற்கு எதிர்கால உயர்வும் சேர்க்க வேண்டும் என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனவர் இறந்தால், ஓட்டியவரின் தவறுக்காக அவர் குடும்பத்தின் தொகையைக் குறைக்க முடியாது. இரண்டு வண்டி மீதும் தவறு என்றால் இருவரையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள். களையெடுக்கவோ கட்சிக் கூட்டத்துக்கோ லோடு ஆட்டோவிலும் டிராக்டர் டிரெய்லரிலும் ஏற்றிச் சென்றவர்கள் நிலைதான் சங்கடம்: சரக்கு வண்டியில் பயணியாகப் போனவருக்கு நிறுவனம் பொறுப்பல்ல என்பது நிலைத்துவிட்ட சட்டம். அங்கே எதிரே வந்த வண்டியின் பங்கைக் கவனமாகத் தேட வேண்டும்.

காலக்கெடு: விபத்து நாளிலிருந்து ஆறு மாதம். இந்தக் கெடுவை எதிர்த்த வழக்குகளில், காலம் கடந்ததற்காக மட்டும் மனுக்களைத் தள்ளுபடி செய்யக் கூடாது என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. அது இறுதித் தீர்ப்பல்ல. வாரிசுச் சான்றிதழ் வரட்டும் என்று காத்திருக்காமல் மனுவைப் போட்டுவிட்டுச் சான்றிதழைப் பிறகு தாக்கல் செய்யலாம்.

போலீசும் சும்மா இருக்க முடியாது. 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கை, 50 நாளில் இடைக்கால அறிக்கை, 90 நாளில் விரிவான விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். நடைமுறையில் கேட்டால்தான் நகரும். அதை எழுத்தில் கேளுங்கள்.

## மக்கள் நீதிமன்றமும் நிறுவனத்தின் நேரடிச் சலுகையும்

விரிவான அறிக்கை கிடைத்த 30 நாளுக்குள் நிறுவனத்தின் அதிகாரி ஒரு தொகையை முன்வைக்க வேண்டும். ஏற்றால் தீர்ப்பாயம் பதிவு செய்யும். 30 நாளில் பணம். மக்கள் நீதிமன்றமும் அப்படியே, வழக்கு நிலுவையில் இருக்கும்போதே சமரசம். இரண்டிலும் பிறகு அதிகம் கேட்டு மேல்முறையீடு போக முடியாது.

எவ்வளவு விட்டுக்கொடுக்கலாம்? கொத்தனார் கணக்கையே எடுப்போம். 20 சதவீதம் கழிவு ஆகும் என்று வைத்தாலும் ஏறக்குறைய ரூ.20 லட்சம்; மூன்று ஆண்டு வட்டி ரூ.4.5 லட்சம். இன்று நிறுவனம் ரூ.13 லட்சம் சொன்னால் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். ரூ.18 லட்சம் என்றால் யோசிக்கலாம். மாதம் நூற்றுக்கு மூன்று வட்டிக்கு மூன்று லட்சம் கடன் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.1,08,000 வட்டியாகவே போகிறது, அவர்களுக்கு ரூ.18 லட்சம் நல்ல தொகைதான். அரசுப் பேருந்து மோதிய வழக்கிலும் சமரசத்துக்கு மதிப்பு அதிகம். அங்கே பணம் கட்டுவது போக்குவரத்துக் கழகம். தீர்ப்பு வந்தும் பணம் வராமல், நிறைவேற்று மனு போட்டு, பேருந்தை ஜப்தி செய்தபிறகு வாங்கிய குடும்பங்கள் பல.

## வண்டி தெரியாவிட்டால்: இரண்டு லட்சம்

மோதிவிட்டு நிற்காமல் போன வண்டி என்றால் பிரிவு 161-இன்கீழ் ரூ.2 லட்சம். விண்ணப்பம் வருவாய்க் கோட்டாட்சியர் அலுவலகத்தில். ஊரில் வண்டிப் பதிவு அலுவலகத்தையும் ஆர்.டி.ஓ. ஆபீஸ் என்றே சொல்வதால் பலர் அங்கே போய்த் திரும்புகிறார்கள். ஒரு மாதத்தில் விசாரணை அறிக்கை, 15 நாளில் ஆட்சியர் உத்தரவு, மேலும் 15 நாளில் வங்கிக் கணக்கில் பணம் என்பது 2022 திட்டத்தின் விதி. எஃப்.ஐ.ஆர்., பிரேதப் பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்றிதழ், இறந்தவர், விண்ணப்பிப்பவர் இருவரின் அடையாளச் சான்று, வங்கிப் புத்தக நகல் வேண்டும். பிறகு வண்டி கிடைத்து வேறு இழப்பீடு வந்தால் இதைத் திருப்பித் தருவதாக உறுதிமொழி எழுதித் தர வேண்டும். ஆகவே இதை வாங்குவதால் முழு இழப்பீட்டு வழி மூடாது.

அதற்காக வண்டியைத் தேடுவதை விட்டுவிடாதீர்கள். பெட்ரோல் பங்க், டாஸ்மாக், சுங்கச்சாவடி கேமராப் பதிவுகள் சில வாரங்களில் தானாக அழிந்துவிடும். அந்தப் பதிவைக் கைப்பற்றும்படி ஆய்வாளருக்கு முதல் வாரமே எழுத்தில் கொடுங்கள். சாலையில் கிடந்த ஹெட்லைட் கண்ணாடித் துண்டு, சட்டையில் ஒட்டிய பெயின்ட் எதையும் கழுவிவிடாதீர்கள். கிராமத்துச் சாலையில் நள்ளிரவு தாண்டி ஓடும் வண்டிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை: பால் வண்டி, கரும்பு லாரி, கிரஷர் டிப்பர்.

## வேலையில் இருந்த ஓட்டுநர், கிளீனர் என்றால்

லாரியோ வேனோ ஓட்டிய தொழிலாளி தன் தவறாலேயே இறந்திருந்தாலும் பணியாளர் இழப்பீடு கேட்கலாம். இதற்கான 1923-ஆம் ஆண்டுப் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம் இப்போது 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் அடங்கிவிட்டது; கணக்கு முறை மாதச் சம்பளத்தில் பாதியை வயதுக்கான காரணியால் பெருக்குவதுதான். 40 வயதுக்குக் காரணி 184.17. சம்பளம் ரூ.15,000 என்றால் ரூ.13,81,275. சரக்கு வண்டிப் பாலிசி இதற்குப் பொறுப்பேற்கும். ஆனால் இதுவும் எம்.சி.ஓ.பி.யும் சேர்த்துக் கேட்க முடியாது. எதிர் வண்டி மீது தவறு என்றால் எம்.சி.ஓ.பி.; தன் மீதே தவறு என்றால் இது.

## ஒரே பார்வையில்

| வழி | தொகை | தவறை நிரூபிக்க வேண்டுமா | காலம் | மூடும் கதவு |
|---|---|---|---|---|
| ஊர்ச் சமரசம் | பேச்சைப் பொறுத்தது | இல்லை | சில நாள் | எஃப்.ஐ.ஆர். கெட்டால் எல்லாமே |
| பிரிவு 164 | ரூ.5 லட்சம் | இல்லை | சில மாதம் | எம்.சி.ஓ.பி. |
| பிரிவு 166 | கணக்கின்படி | ஆம் | இரண்டு, மூன்று ஆண்டு. மேல்முறையீடு வந்தால் கூடும் | பணியாளர் இழப்பீடு |
| மக்கள் நீதிமன்றம் | கணக்கில் கொஞ்சம் குறைவு | பேச்சில் மட்டும் | சில மாதம் | மேல்முறையீடு |
| பிரிவு 161 | ரூ.2 லட்சம் | இல்லை | விதிப்படி இரண்டு மாதம் | எதுவும் இல்லை |
| பணியாளர் இழப்பீடு | சம்பளம், வயதுப்படி | இல்லை | மாறும் | எம்.சி.ஓ.பி. |

எந்த வழி போனாலும் இன்னொன்றை விடாதீர்கள்: இறந்தவரின் வங்கிக் கணக்கில் ஆண்டுக்கு ரூ.20 பிடித்தம் ஆகியிருக்கிறதா என்று பாஸ்புக்கைப் பாருங்கள். பிரதமர் சுரக்ஷா பீமா விபத்துக் காப்பீடு என்றால் ரூ.2 லட்சம் உண்டு. இறந்த 30 நாளுக்குள் வங்கிக்குத் தெரிவியுங்கள்.

## வக்கீலும் பணமும்

வெற்றுத் தாளிலும், தொகை எழுதாத காசோலையிலும் கையெழுத்துப் போடாதீர்கள். வென்ற தொகையில் நூற்றுக்கு இத்தனை என்று பேசுவது பார் கவுன்சில் விதிப்படி தடை செய்யப்பட்டது. ரூ.25 லட்சத்தில் 20 சதவீதம் என்றால் ஐந்து லட்சம். அது பிள்ளைகளின் படிப்பு. பெண்களுக்கும், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் வருமான வரம்பே பார்க்காமல் இலவச வக்கீல் தர சட்டம் இருக்கிறது. கணவனை இழந்த பெண் நேராக வட்ட சட்டப் பணிகள் குழுவுக்கோ மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள ஆணைக்குழுவுக்கோ போய் ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தால் போதும்.

தீர்ப்புத் தொகை உங்கள் வங்கிக் கணக்குக்கே நேராக வர வேண்டும். கணக்கு எண்ணை மனுவிலேயே கொடுங்கள். அந்தப் பாஸ்புக்கும் ஏ.டி.எம். கார்டும் உங்கள் கையிலேயே இருக்கட்டும். சிறுவர்களின் பங்கை 18 வயதுவரை வங்கியில் வைப்புத் தொகையாகப் போடுவார்கள். அதன் வட்டியைப் படிப்புச் செலவுக்காகத் தாயின் கணக்குக்கு அவ்வப்போது அனுப்பும்படி தீர்ப்பிலேயே உத்தரவு கேளுங்கள். அன்று கேட்காமல் விட்டால், பள்ளிக் கட்டணத்துக்காக ஒவ்வொரு ஜூனிலும் தனி மனு போட வேண்டி வரும்.